கொமாண்டோ படங்களைத் திருகோணமலையிலிருந்து பார்த்தால்

சிறப்புப் படையணிகளைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் ஓர் அறையில் தொடங்குகின்றன. மேசையில் விரித்த வரைபடம், அதைச் சுற்றி ஐந்தாறு பேர், குச்சியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டும் மேலதிகாரி. அரை மணி நேரத்துக்குள் குழு புறப்பட்டுவிடும். அதற்குப் பிறகு படம் அந்த அறையைத் திரும்பியும் பார்க்காது. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை அப்படி ஓர் அறையாக இருந்த ஊர். இங்கே உட்கார்ந்து இவ்வகைப் படங்களைப் பார்ப்பவருக்கு, அவை எதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு ஓடுகின்றன என்பது கொஞ்சம் சீக்கிரமாகவே தெரிந்துவிடும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் இந்துமாக் கடலில் பிரித்தானியருக்கு மிஞ்சிய பெருந்துறைமுகம் இதுதான். அதே ஆண்டு ஏப்ரல் 9 காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியப் படை இதன்மேல் குண்டு போட்டது. முதல் நாள் இரவே வெளியே அனுப்பிவைக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. அதில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கீழைக் கடற்படை கிழக்கு ஆபிரிக்காவுக்கு ஒதுங்கிப் போய், 1944 தொடக்கத்தில்தான் திரும்பி வந்தது. கொமாண்டோ கதைகளுக்குரிய காலம் அதன் பிறகே தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் 'ட்ரெஞ்சன்ட்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் இங்கிருந்து கிளம்பித் தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்துக்குப் போனது. அதன் மேல் 'சாரியட்' எனப்படும் இரண்டு ஊர்திகள் கட்டப்பட்டிருந்தன. சாரியட் என்பது இருவர் ஏறி ஓட்டும் டோர்பிடோ. முன்பக்கத்தில் வெடிகுண்டு. ஓட்டிகள் இரப்பர் உடையும் மூச்சுக் கருவியும் அணிந்து நீருக்கடியில் எதிரிக் கப்பல்வரை சென்று, குண்டைக் கழற்றிக் கப்பலில் பொருத்தி, கடிகாரத்தை முடுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒக்டோபர் 28 இரவு நான்கு பேர் போனார்கள், நான்கு பேரும் திரும்பினார்கள், இரண்டு கப்பல்களிலும் குண்டு வெடித்தது. கீழைக் கடலில் சாரியட் முழு வெற்றி கண்ட தாக்குதல் என்று கடற்படை வரலாறு இதைக் குறிப்பிடுகிறது.

படத்துக்கென்றே பிறந்த கதை என்று தோன்றும். ஆனால் ஒரு தயாரிப்பாளர் காதால் இதைக் கேட்டுப் பாருங்கள். தாக்கப்பட்ட இரண்டும் போர்க்கப்பல்கள் அல்ல. முன்பே மூழ்கடிக்கப்பட்டு, ஜப்பானியர் மீட்டெடுத்துக்கொண்டிருந்த இத்தாலிய வணிகக் கப்பல்கள் அவை. யாரும் சாகவில்லை, குழுவுக்குள் துரோகி இல்லை, கடைசி நிமிடத்தில் கம்பி அறுக்கும் காட்சி இல்லை. போகும் வழியெல்லாம் இரும்புக் குழாய்க்குள் வியர்த்துக்கொண்டு கிடந்த நாட்கள்தான். இதே சாரியட்டைக் கொண்டு 1942 இல் நோர்வேயில் 'டிர்பிட்ஸ்' என்ற பெரும் ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கக் கிளம்பிய முயற்சி, இலக்கை எட்டும் முன்பே கடல் கொந்தளிப்பில் கெட்டுப்போனது. 'டிர்பிட்ஸ்' மீதான தாக்குதல்களை வைத்து 1955 இல் ஒரு பிரித்தானியப் படமே வந்தது. வெற்றியா தோல்வியா என்பதைவிட எதிரே நின்ற கப்பல் எவ்வளவு பெரியது என்பதே திரைக்கு முக்கியம்.

சிறப்புப் படையணிகளின் அன்றாட வேலையைப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். அந்தக் கோட்டையின் பெயரைத் தாங்கிய முகாமில்தான் 1944 இல் பிரித்தானியரின் சிறு நடவடிக்கைக் குழு தளம் அமைத்தது. திருகோணமலையில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். தன் முகவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஹம்மன்ஹீலில் இருந்த பிரிவுகளில் ஒன்றின் வேலை கடற்கரை அளப்பது. இரவில் சிறு படகில் எதிரிக் கரைக்குப் போய், நீந்தி இறங்கி, ஆழம் பார்த்து, மண்ணை அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த மண் போர்த் தாங்கியின் எடையைத் தாங்குமா, சக்கரம் புதையுமா என்பதுதான் அவர்கள் அறிய வேண்டியது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னும் இதே பிரிவினர் பிரெஞ்சுக் கரையில் மண் துளைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தத் தரையிறக்கத்தைக் காட்டும் பிரபலமான ஹொலிவூட் காட்சி இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும். மண் அள்ளியவர்களுக்கு அதில் ஒரு நொடியும் இல்லை. மண் சும்மா விடுவதில்லை: 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு, மலாயாவின் மோரிப் கரையில் பிரித்தானியர் இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. எதிரே ஒரு துப்பாக்கி இருந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், சிறுகுழுக் கதைக்கு ஒரு வாய்பாடு உண்டு, அது சினிமாவுக்கு மிக முற்பட்டது என்பேன். தொல்காப்பியத்தில், பகைவரின் மாடுகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணைக்குச் சொல்லப்பட்டிருக்கும் பதினான்கு துறைகளைப் படித்தால், ஒரு திரைக்கதை எழுத்தாளர் சுவரில் ஒட்டிவைத்த அட்டைகளைப் படிப்பது போலவே இருக்கும். படை கிளம்பும் அரவம். பாக்கத்தில் நின்று விரிச்சி, அதாவது நற்சொல் நிமித்தம், கேட்டல். பகைவரின் ஒற்றர் அறியாமல் போதல். நம் ஒற்றர் வழியாக நிலவரம் அறிதல். ஊரைச் சூழ்ந்து தங்குதல். ஊரை அழிக்கும் ஊர்கொலை. ஆநிரையைக் கவர்தல். துரத்தி வந்தவர்களைத் தடுத்தல். கவர்ந்த மாடுகளை நோகாமல் ஓட்டி வருதல். ஊரார் எதிர்பார்த்து நிற்கும் இடத்தில் தோன்றுதல். கொண்டுவந்து நிறுத்துதல். பங்கிடுதல், கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டு, கொடை. மாடு இருந்த இடத்தில் பணயக் கைதியையோ பீரங்கியையோ அணு விஞ்ஞானியையோ வைத்துக்கொள்ளுங்கள். உண்டாட்டு இருந்த இடத்தில், முகாமுக்குத் திரும்பியவர்கள் பியர் போத்தலோடு உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சி.

பழைய இலக்கணம் நேர்மையாக நடந்துகொண்ட இடங்கள் இரண்டு. ஊர்கொலையை அது மறைக்கவில்லை. பாட்டுக்குரிய பொருள்களில் ஒன்றாக வரிசையிலேயே வைத்தது. மாட்டைப் பறிகொடுத்த ஊர் மீட்கப் புறப்படுவதற்கும், அதில் விழுந்தவனுக்குக் கல் நடுவதற்கும் இடம் கொடுத்தது. பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை மீட்புப் போரைக் கரந்தை என்று தனித் திணையாகவே பிரித்துவிட்டது. இன்றைய கொமாண்டோ படம் வெட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு கரந்தையை எதிரியின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதற்கு மொகடிசுத் தாக்குதலை வைத்து 2001 இல் வந்த 'பிளாக் ஹோக் டவுன்' நல்ல எடுத்துக்காட்டு. 1993 ஒக்டோபர் 3, 4 ஆகிய நாட்களில் சோமாலியத் தலைநகர் மொகடிசுவில் நடந்த சண்டையில் அமெரிக்கச் சிப்பாய்கள் 18 பேர் இறந்தார்கள். சோமாலியர் தரப்பில் இறந்தோர் நூற்றுக்கணக்கில் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. படத்தில் அந்தப் பதினெட்டுப் பேருக்கு முகம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வீட்டுக்கு எழுதாத கடிதம் இருக்கிறது. மற்றவர்கள் கூட்டமாக ஓடிவந்து கூட்டமாக விழுகிறார்கள். படம் தொழில்நுட்பத்தில் அபாரமானது என்பதை நான் மறுக்கவில்லை. சிக்கல் அங்கேதான்: சத்தமும் புழுதியும் அவ்வளவு நம்பும்படியாக இருப்பதால் மற்றதெல்லாமும் உண்மை என்று மனம் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

அந்தச் சத்தத்தையும் புழுதியையும் கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹெலிகொப்டரும் போர்க்கப்பலும் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் பொருள்கள் அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தில் சினிமாவுக்கென்றே தொடர்பு அலுவலகம் இருக்கிறது. திரைக்கதையைக் கொடுத்து ஒப்புதல் வாங்கினால், செலவை மட்டும் செலுத்தி வாகனம், தளம், ஆட்கள் எல்லாம் பெறலாம். பிடிக்காத பகுதிகளை மாற்றச் சொல்வார்கள். மாற்றாவிட்டால் கதவு சாத்தப்படும். 'பிளாக் ஹோக் டவுன்' மொரோக்கோவில் எடுக்கப்பட்டபோது இராணுவம் உண்மையான ஹெலிகொப்டர்களையே அனுப்பியது. வியட்நாம் போரைக் கசப்போடு சொன்ன 1979 ஆம் ஆண்டின் 'அப்பொகலிப்ஸ் நவ்' படத்துக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதன் குழு பிலிப்பைன்ஸ் அரசிடம் ஹெலிகொப்டர் வாங்கிப் படம் பிடித்தது. நடுவே அங்குள்ள கிளர்ச்சியாளர்களுடன் சண்டையிட அவை திரும்ப அழைக்கப்பட்டுவிட, படப்பிடிப்பு காத்துக்கிடந்தது. 2012 இல் வந்த 'அக்ட் ஒஃப் வெலர்' இன்னும் ஒரு படி மேலே போனது. பணியில் இருந்த அமெரிக்கக் கடற்படை சீல் வீரர்களே அதில் நடித்தார்கள். சில காட்சிகளில் சுட்டது நிஜக் குண்டு. ஆட்சேர்ப்புக்கான முயற்சியாகத் தொடங்கியதுதான் முழுநீளப் படமாக வளர்ந்தது. நடிப்பு எப்படி என்று கேட்காதீர்கள். சுடத் தெரிந்தவர்களுக்கு வசனம் பேசத் தெரியவில்லை.

இராணுவம் கைகொடுக்கும் படமெல்லாம் பிரசாரம், மறுத்ததெல்லாம் உண்மை என்று பிரித்துவிடவும் முடியாது. கைகொடுக்கப்பட்ட படங்களில் நல்லவை உண்டு. ஆனால் ஒரு தரப்பின் வண்டியில் ஏறிப் படம் பிடிக்கிறவருக்கு அந்த வண்டியின் சன்னல் வழியேதான் ஊர் தெரியும்.

இனி நம் தீவில் எடுக்கப்பட்ட படத்துக்கு வருவோம். 1957 இல் டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல் மெய்யாகவே ஒரு மரப்பாலம் கட்டி, மெய்யான ரயிலை ஓட்டி, வெடிவைத்துத் தகர்த்து எடுக்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் விருதுகள். அதில் வரும் கொமாண்டோப் படையின் பெயர் 'ஃபோர்ஸ் 316'. போர்க்காலத்தில் இலங்கையைத் தளமாகக் கொண்டு இயங்கிய உண்மையான 'ஃபோர்ஸ் 136' ஐ எண் மாற்றி வைத்த பெயர் அது. படத்தில் அந்தப் படையின் பயிற்சி நிலையம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. நேசநாட்டுத் தளபதி மவுன்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இருந்த இடமும் அதுவே என்பதால் தேர்வு பொருத்தமானதுதான். கல்கிசை ஹோட்டல் இராணுவ மருத்துவமனையாக வருகிறது. திருகோணமலை தலைகாட்டவில்லை. இலங்கை என்றால் ஓய்வெடுக்கும் கடற்கரையும் பயிற்சி எடுக்கும் பூங்காவும் என்பதோடு சரி.

அது சின்ன மனக்குறை. பெரிய குறை வேறு. அந்தப் பாலம் எந்தப் பாதைக்காகக் கட்டப்பட்டதோ அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். 1942 இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். ஜப்பானியர் இழுத்துச் சென்ற நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 90,000 அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். போர்க்கைதிகளுக்கு இருந்த அதிகாரிகள்கூட அவர்களுக்கு இல்லை. வைத்தியர் இல்லை, பெயர்ப் பதிவேடு இல்லை. வாந்திபேதி வந்த முகாமில் முகாமே போனது. சயாம் மரண இரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். படத்திலோ பாலம் கட்டுவதும் பிரித்தானியர், தகர்ப்பதும் பிரித்தானியரும் அவர்களோடு வந்த ஓர் அமெரிக்கரும். தமிழர்கள் வாழும் ஒரு தீவில் எடுக்கப்பட்டும், அந்தப் பாதையில் செத்த தமிழர் ஒருவர் நிழல்கூட சட்டகத்துக்குள் விழவில்லை. உண்மையில் அங்கிருந்த பாலங்களைக் கொமாண்டோக்கள் தகர்க்கவும் இல்லை. 1945 இல் விமானங்கள் குண்டு போட்டன. அதைக் காட்டினால் கதாநாயகன் இருக்க மாட்டான் என்பது லீனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒழுங்கின் மேல் வைத்த பற்று ஒரு அதிகாரியை எதிரிக்கே வேலைக்காரனாக்கும் விந்தையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன போர்ப்படங்கள் குறைவு. ஆயினும் கொமாண்டோ கதையின் அளவுச் சட்டை எவ்வளவு இறுக்கமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படமும் இல்லை.

தமிழ் சினிமா இந்த வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சீனப் போர் முடிந்த கையோடு 1963 இல் சிவாஜி நடித்து வந்த 'இரத்தத் திலகம்' முதல், நம் படத்துச் சிப்பாய்க்கு வீடு உண்டு. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' இந்திய இராணுவத்தின் 44 ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவில் பணியாற்றி 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றியது. சண்டைக் காட்சிகளில் அது ஹொலிவூட்டின் இலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் கதையைச் சொல்வது மனைவியின் குரல். தொலைபேசி மணி அடிக்கும்போது எடுக்கலாமா என்று தயங்கும் வீடு ஒன்று கடைசிவரை படத்தில் இருக்கிறது. மிகையுணர்ச்சி என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வரைபட அறையிலிருந்து நேரே போர்க்களத்துக்குப் பாயும் படங்களைவிட இது போரின் கணக்கை நேர்மையாக எழுதுகிறது என்பது என் கட்சி. காஷ்மீர் ஊர்க்காரர்களுக்கு அதிலும் வாய் இல்லை என்பது வேறு விஷயம்.

இலங்கையில் அரசுத் தரப்பின் வீரத்தைப் பாடும் சிங்களப் படங்கள் போர் முடிந்த கையோடு வந்தன. கடற்படை உயரதிகாரியாக இருந்த ஒருவரே 2011 இல் ஒன்றை இயக்கினார். அவற்றைவிடத் தூரம் போனது, போர் உச்சத்தில் இருந்தபோது பிரசன்ன விதானகே எடுத்த 'புரஹந்த களுவர'. 1997 இல் முடிந்த அந்தப் படத்தில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காது. போர்முனையிலிருந்து முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. உள்ளே மகன் இருக்கிறான் என்பதைப் பார்வையற்ற தகப்பன் நம்ப மறுக்கிறார், நட்டஈட்டுக்கான தாளில் கையெழுத்திடவும் மறுக்கிறார். ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக் குழியைத் தோண்டத் தொடங்குகிறார். பெட்டியில் வாழைக் குற்றியும் கல்லும். 2000 இல் அரசு படத்தைத் தடுத்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் திரையிட வழிவிட்டது. சிப்பாயைப் பற்றிய படங்களில் சிறந்த ஒன்றைச் சொல்லச் சொன்னால், சிப்பாயே வராத இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

திருகோணமலையில் நாற்பது வயதைக் கடந்தவர்களோடு சண்டைப் படம் பார்ப்பது தனி அனுபவம். கதாநாயகன் ரி-56 ரகத் துப்பாக்கியை விடாமல் அழுத்திக்கொண்டே நடந்தால் யாராவது ஒருவர் வாய்க்குள் எண்ணுவார். முப்பது ரவை கொள்ளும் கூடு, நிமிடத்துக்கு அறுநூறு என்ற வேகத்தில் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும் என்பது இவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. கதவுக்குப் பின்னால் பதுங்கிக் குண்டிலிருந்து தப்பும் காட்சிக்கும் இதே வரவேற்பு. பலகைக் கதவு எதைத் தடுக்கும் எதைத் தடுக்காது என்று தெரிந்த ஊர் இது. ஆனால் ஒரு காட்சியில் மட்டும் பேச்சு நின்றுபோகும்: சிப்பாய்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து எல்லாரையும் சுவரோரம் நிறுத்தும் காட்சி. கமெரா சிப்பாயின் தோளுக்குப் பின்னால் நின்று, எதிரே யார் ஆயுதம் வைத்திருக்கிறார் என்று தேடும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஒருகாலத்தில் சுவர்ப் பக்கம் நின்றவர்கள். அடையாள அட்டையை எந்தப் பையில் வைத்தோம் என்று தடவிய கைகள் அவை. அவர்கள் அந்தக் காட்சியை எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறார்கள், இயக்குநர் எங்கே கமெராவை வைத்தாலும்.

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 101. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். ஜப்பானியர் தாக்குதலின்போது ஒன்று அழிந்தது, 1964 இல் விமானம் விழுந்து இன்னொன்று.  'ட்ரெஞ்சன்ட்' போன்ற கப்பல்கள் தொடுவானம்வரை போய்வர முடிந்தது இப்படிப்பட்ட தாங்கிகள் பின்னால் நின்றதால்தான். எண்ணெய் இறைத்தவர், குழாய் அடைப்பை நீக்கியவர், கரையில் சமைத்தவர், கப்பலுக்குக் கரி அப்பிய உடையைத் துவைத்துக் கொடுத்தவர் என்று ஒரு கொமாண்டோவுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள். அவர்களை வைத்து ஒரு போர்ப்படம் எடுக்கலாம். 1942 ஏப்ரல் 9 காலை, குண்டு விழும்போது அந்தத் தாங்கிகளுக்கு அருகே வேலைக்கு வந்து நின்ற ஒருவரிடமிருந்து தொடங்கலாம். வரைபட அறை தேவைப்படாது. செலவும் குறைவு. தயாரிப்பாளர் ஒரு கேள்விதான் கேட்பார்: இதில் ஹீரோ யாரைக் கொல்கிறார்?